ஆறே ஆறு மாசம்

மார்கழி ஏர்கண்டிஷனர்ஸ் நிறுவனத்தில் தூக்கம் என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. சுற்றறிக்கையே போட்டிருந்தார்கள். தூங்குகிறவரை ‘இருப்பாளர்’ என்று சொல்ல வேண்டும். அவர் தூங்குவது ‘திறன் இருப்பு’. அவரைத் தட்டி எழுப்புவது ‘செயலுக்கு அழைத்தல்’. மூன்றாவது ஷெட்டுக்குப் பின்னால் இருந்த நீளக் கட்டடத்தில், நானூறு பெட்டிகளில் நானூறு பேர், நாடி நிமிடத்துக்கு இரண்டு தடவை துடிக்க, வயது ஏறாமல், சம்பளமும் ஏறாமல் படுத்திருந்தார்கள். கட்டடத்தின் நெற்றியில் ‘நாளைய ஆற்றல் மையம்’ என்று பித்தளை எழுத்து மின்னியது.

தொழிலாளர்கள் அதை ஃப்ரிட்ஜ் என்றார்கள். “ஏசி செய்யறவனையே ஃப்ரிட்ஜுல வச்சிட்டானுங்கப்பா” என்கிற ஜோக் முப்பது வருடமாக ஒரகடம் சாலையில் உலவிக்கொண்டிருந்தது. சலித்துப்போன ஜோக்தான். ஆனால் சொல்கிறவனுக்கு அதைப் போன வாரம்தான் கண்டுபிடித்த ஞாபகம் என்பதால் எல்லோரும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள்.

மனிதவளத் துறையின் பொது மேலாளர் தயாபரனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் இளம் அதிகாரிகளுக்கு அவர் ஒரு வகுப்பு எடுப்பது வழக்கம். தலைப்பு: ‘நிறுவனங்கள் ஏன் தற்காலிக ஆட்களை வைத்துக்கொள்கின்றன?’ பதிலாக நான்கு காரணம் சொல்வார். கோடைக்கு ஆர்டர் குவியும், மழைக்காலத்தில் ஒருவரும் ஏசி வாங்க மாட்டார். லீவில் போனவரின் இடத்தை யாராவது நிரப்ப வேண்டும். ஒருவரை நிரந்தரமாக எடுக்குமுன் கொஞ்சநாள் வைத்துப் பார்க்கலாம். சில வேலைக்குச் சிலரின் கைவாகு சில மாதம் மட்டுமே தேவை. இத்தோடு தண்ணீர் குடித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்பார்.

அந்த ஆண்டு முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கேள்வி இருந்தது.

“சார், எழுப்பினவங்களை ஏன் சரியா இருநூத்தி முப்பத்தொன்பது நாள்ல திருப்பிப் படுக்க வைக்கறோம்?”

“இருநூத்தி நாப்பதாவது நாளும் ஒருத்தன் தொடர்ந்து வேலைக்கு வந்துட்டா, சட்டப்படி அவன் நிரந்தரம்மா.”

“தூங்கற நாள் சர்வீஸ்ல சேராதா?”

“தூங்கறவன் வேலை செய்யலையே. எப்படிச் சேரும்?”

“அப்ப எத்தனை நாள் தூங்கணும்னு கணக்கு?”

“ஒப்பந்தத்துல போட்டிருக்கோமே, ‘அழைக்கும் வரை’ன்னு. எவ்வளவு பேர் வேணும்னு தேவைமானி சொல்லும். சொன்னா எழுப்புவோம்.”

அந்தப் பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். தயாபரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ‘அழைக்கும் வரை’ என்பது அவர் எழுதிய வாசகம். இருபத்தாறு வயதில், துறையில் கடைக்குட்டியாக இருந்தபோது எழுதியது. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் முதல் பதவி உயர்வு கிடைத்தது. இலக்கியத்தில்கூட இரண்டு வார்த்தைக்கு யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை.

ஐந்தாவதாக ஒரு காரணம் உண்டு. அதை அவர் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. நிரந்தரமானவனை அனுப்ப வேண்டுமென்றால் யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, ‘போ’ என்று சொல்லியாக வேண்டும். தற்காலிகமானவனுக்குத் தேதியே சொல்லிவிடும். ஒருவரும் கெட்டவராக வேண்டியதில்லை. தயாபரன் முப்பத்திரண்டு வருடமாக நல்லவராகவே இருந்துவந்தார்.

*

அமலனும் தயாபரனும் செய்யாறு பக்கத்து ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அமலன் ஒன்பது நாள் மூத்தவன். அதை வைத்துக்கொண்டு அவன் பண்ணாத அலம்பல் கிடையாது. “ஒம்பது நாள் பெரியவன்டா நான், எந்திரிச்சு நின்னு பேசு” என்பான். ஒரே பஸ்ஸில் ஒரகடம் வந்தார்கள், ஒரே நாளில் மார்கழியில் சேர்ந்தார்கள், ஒரு கேஸ் அடுப்பும் இரண்டு பாயும் உள்ள அறையில் ஒன்றாகத் தங்கினார்கள். அமலன் கம்ப்ரெசரில் செம்புக் குழாய் பற்றவைக்கிறவன். அவன் வைத்த பற்றில் எந்த வாயுவும் கசிந்ததாகச் சரித்திரம் இல்லை. தயாபரன் எம்.ஏ. படித்திருந்ததால் பற்றவைக்க ஏதுமின்றி மனிதவளத்துக்குப் போனான்.

திறன் இருப்புத் திட்டம் வந்தபோது யாரும் முதலில் படுக்க முன்வரவில்லை. ஒரு ஆள் படுத்துக் காட்டினால் மற்றவர்கள் வருவார்கள் என்றது நிர்வாகம். தயாபரன் அறைக்கு வந்து, அமலனின் தோளில் கைபோட்டுச் சொன்னான்: “ஆறே ஆறு மாசம்டா மச்சான். மழைக்காலத்துல படுக்கறே, கோடைக்கு எந்திரிக்கறே. நீ நாமினின்னு யார் பேரை எழுதறியோ, அந்த நியமனதாரருக்குக் குவார்ட்டர்ஸும், கேட்டுக்குள்ள ஒரு வேலையும். பிலோமினாவும் கொழந்தையும் ஊர்ல இருந்து வந்துடலாம்.”

அமலன் கையெழுத்துப் போட்டான். அவனுக்குத் திருமணமாகி நான்கு வருடம், மகளுக்கு மூன்று வயது.

முதல் தூக்கம் மூன்று வருடம் நீடித்தது. சந்தை சரிந்துவிட்டது என்றார்கள். நடுவில் ஒன்று ஒன்பது வருடம். இப்படி முப்பத்திரண்டு வருடத்தில் ஒன்பது தடவை எழுந்து, ஒவ்வொரு தடவையும் இருநூற்று முப்பத்தொன்பது நாள் விழித்திருந்து, அமலனின் உடம்புக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. மனைவி பிலோமினாவுக்கு ஐம்பத்தாறு. மகள் ஜெனிட்டாவுக்கு முப்பத்தைந்து. காஞ்சிபுரத்தில் நர்ஸாக இருக்கிற அவள் போனில் மட்டும்தான் ‘அப்பா’ என்பாள். நேரில் பார்க்கும்போது அந்த வார்த்தை வாயில் வராமல், “சாப்பிட்டாச்சா?” என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துக்கொள்வாள்.

வேலையை விட்டுவிட்டு வெளியே போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் அந்தச் சாலையில் ஒரு தடவை நடந்து பார்க்கவேண்டும். இரு பக்கமும் கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நீளக் கட்டடம். பித்தளை எழுத்துகள் மட்டும் வேறு வேறு.

*

எழுப்பும் நாளுக்கு ‘அழைப்புத் திருநாள்’ என்று நிர்வாகம் பெயர் வைத்திருந்தது. அதற்கு முந்தின வாரம் குடியிருப்புக் கடையில் கறுப்புச் சாயம் தீர்ந்துபோகும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதல் தொகுதியில் ஒருவன் கண் திறந்து, நரைத்த மனைவியைப் பார்த்து, “அம்மா, அவ எங்க?” என்று கேட்டானாம். அன்றிலிருந்து பெண்கள் சாயம் பூசிக்கொண்டுதான் வருவார்கள். பழைய புடவையை எடுத்துக் கட்டுவார்கள். பழைய காலண்டரைச் சுவரில் மாட்டுகிற வீடும் உண்டு. பிலோமினா கேன்டீனில் சாம்பார் கலக்குகிறவள். நியமனதாரர் என்ற வகையில் கிடைத்த வேலை. அந்த வேலைக்கு வயது வரம்பில்லை. மகனுக்கு நியமனதாரரான எழுபத்திரண்டு வயது அப்பா ஒருவர்கூடத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

தயாபரனும் அந்த வாரம் சாயம் பூசிக்கொள்வார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடவை எழுந்தபோது அமலன், “என்னாடா மச்சான், இப்படி ஊதிட்டே?” என்றான். நான்காம் தடவை, வேடிக்கையாக, “வாங்கண்ணே” என்றான். ஏழாம் தடவை நாலு பேர் முன்னால் ‘சார்’ என்றவன், அதற்குப் பிறகு தனியாக இருந்தபோதும் ‘சார்’தான். ஒன்பதாம் தடவை, இந்த அக்டோபர் முதல் தேதி, பெட்டியின் மூடி திறந்து, இமை பிரிந்து, மேலே குனிந்த முகத்தைப் பார்த்து அவன் சொன்னான்:

“ஐயா... கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அடையாளம் தெரியவில்லை. தயாபரன் தண்ணீரைக் கொடுத்தார். அவசரத்தில் பாதி அமலனின் சட்டையில் போனது. இரண்டு மிடறு குடித்த பிறகு, “அடடே, நீங்களா சார்” என்று அமலன் சிரித்தான். ஆனால் அந்த ஐயா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சாயம் வீணாய்ப் போனது ஒரு பக்கம். இந்த ஐயாவைத் தயாரித்தது யார் என்கிற கேள்வி இன்னொரு பக்கம்.

அன்று மாலை ஆதர்ஷ் கூப்பிட்டனுப்பினான். ஆதர்ஷுக்கு முப்பத்தொரு வயது. பதவியின் பெயர் ‘மனித சாத்தியங்களின் தலைவர்’. மேஜை கிடையாது, ஏனென்றால் மேஜை படிநிலையைக் காட்டுகிறதாம். அதனால் எல்லோரும் மடியில் கோப்பு வைத்துக்கொண்டு தத்தளிப்பார்கள்.

“சார், உங்க அனுபவத்தை நாங்க இழக்க விரும்பல. மே மாசம் ரிட்டயர் ஆனதும் ‘இருப்பு ஆலோசகர்’னு ஒரு மறுநியமனம். கோர்ட்ல கேஸ் கீஸ் வந்தா உங்களை எழுப்பிக்கறோம்.”

“எழுப்பிக்கறீங்களா?”

“அழைச்சுக்கறோம்” என்று ஆதர்ஷ் திருத்திக்கொண்டான். “விதியெல்லாம் நீங்க எழுதினதுதான். உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

தயாபரன் சிரித்து, மறுத்துவிட்டு எழுந்தார். அவர் மனைவி கோமதி பேரனைப் பார்த்துக்கொள்ள மெல்போர்ன் போய் ஆறு வருடம். வாரம் ஒரு முறை போனில், ஒருவர் விழுங்கும் மாத்திரைகளை மற்றவர் சரிபார்ப்பார்கள். ஜூனில் தானும் அங்கே போவதாக ஏற்பாடு. போகுமுன் ஒரே ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று படி இறங்கும்போதே முடிவு செய்தார்.

அமலனை இருநூற்று நாற்பதாவது நாள் விழித்திருக்க வைக்க வேண்டும்.

*

பிலோமினாவிடம் மட்டும் சொன்னார். கேன்டீன் பின்கட்டில், அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“நிரந்தரம்னா, இனிமே படுக்கவே வேணாமா சார்?”

“வேணாம்மா. மத்தவங்க மாதிரி காலைல வரலாம், சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம்.”

“வயசு ஏறுமா அவருக்கு?”

“ஏறும்.”

அவள் புளிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே சார்?”

தயாபரன் வாயைத் திறந்தார். வகுப்பில் நான்கு காரணம் சொல்லுகிற வாய்.

“பரவால்ல விடுங்க. இப்பவாவது மனசு வந்துச்சே” என்றாள் அவள். “நான் இனிமே சாயம் பூசிக்கப் போறதில்ல. மண்டையெல்லாம் எரிச்சலு. இருபது வருஷமா எரியுது.”

அந்த எட்டு மாதமும் தயாபரன் தூங்கும்போதுகூடக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். நூறாவது நாள். நூற்றைம்பது. பங்குனி வெயிலில் ஆர்டர் குவிந்தது. அமலன் செம்புக் குழாய்களைப் பற்றவைத்துத் தள்ளினான். பிலோமினாவின் தலையில் வேரிலிருந்து வெள்ளை இறங்கிக்கொண்டே வந்தது. முதல் மாதம் விரலகலம், மூன்றாம் மாதம் மூன்று விரலகலம். அமலன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டதாகப் பிறகு அவள் சொன்னாள்: “ஏன்டி, எங்கிட்ட இத்தனை நாளும் மறைச்சே?” பிறகு சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சர்ச்சுக்குப் போனானாம். வழியில் ஒரு டீக்கடைக்காரர், “தம்பி, அம்மாவைப் பத்திரமா இறக்கு” என்றாராம். அமலன், “சரிங்க” என்றானாம். எதற்கு வீண் விளக்கம்.

மே இருபத்தேழு. இருநூற்று முப்பத்தொன்பதாவது நாள். காலையிலிருந்தே நீளக் கட்டடத்தில் வரிசை நின்றது. மணிக்கட்டில் எண் பட்டை கட்டி ஒவ்வொருவராகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அமலனின் பெட்டி நூற்றுப்பதினான்கு. தயாபரன் பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு எதிரே ‘வால்வு பழுது, ஒரு நாள் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் பொய்க் கையெழுத்து. மற்றதெல்லாம் உண்மையான கையெழுத்துகள் என்பதுதான் விசேஷம்.

“என்ன சார், என் பெட்டி மட்டும் மக்கர் பண்ணுது?” என்றான் அமலன்.

“நாளைக்குக் காலைல முதல் ஷிப்டுக்கு வந்துடு. வந்து கைரேகை வை. அவ்வளவுதான்.”

அமலன் அவரையே பார்த்தான். புரிந்துவிட்டது. ஆறு வருட அனுபவம்தான் என்றாலும் நாள் எண்ணத் தெரியாத தற்காலிகத் தொழிலாளி உலகத்தில் கிடையாது.

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு அமலன் கேட்டில் கைரேகை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு, மனிதக் கை படாமல், நிரந்தர நியமனக் கடிதம் தானாக அச்சாகி வந்தது. தயாபரன் அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஷெட்டுக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். அன்று அவருடைய பிறந்தநாள் வேறு. ஐம்பத்தெட்டு நிறைகிறது. ஏதோ ஒன்று கழிந்ததுபோல் உடம்பு இலேசாக இருந்தது.

அமலன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தான். பக்கத்து மேஜை ஆட்கள் தகட்டைத் தட்டி ஓசை எழுப்பினார்கள்.

ஆறு மணி பதினோரு நிமிடத்துக்கு அச்சுப்பொறி இரண்டாவது கடிதத்தைத் துப்பியது.

தயாபரன் அறைக்குத் திரும்பியபோது அது தட்டில் கிடந்தது. ‘திரு. அமலன் அவர்களுக்கு. தங்கள் பிறந்த தேதியின்படி இம்மாதம் பத்தொன்பதாம் நாள் தங்களுக்கு ஐம்பத்தெட்டு வயது பூர்த்தியாகிவிட்டபடியால், மே முப்பத்தொன்று மாலை முதல் தாங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். நியமனதாரரின் பணியும் குடியிருப்பும் அன்றோடு முடிவடைகின்றன. இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள்.’ கீழே ஒரு ரோஜாப் படம்.

அவர் ‘பத்தொன்பதாம் நாள்’ என்பதை மறுபடி படித்தார். தன் பிறந்தநாளிலிருந்து அதைக் கழித்தார்.

ஒன்பது நாள் மூத்தவன்.

முப்பத்திரண்டு வருடமாக அவனைப் பெட்டிக்குள் பார்த்துப் பார்த்து, தம்பியாக, பையனாக, ஏதோ ஒரு இளைஞனாக மனதில் பதிய வைத்துக்கொண்டுவிட்டார். இருப்பாளர்களுக்கு ஓய்வு வயது கிடையாது. அவர்கள் ஊழியர்களே இல்லை. ஊழியனானால்தான் வயது கேட்பார்கள். தூங்கிய வருடங்கள் சர்வீஸில் சேராது. பிறந்த தேதியிலிருந்து மட்டும் ஒன்றும் கழியாது. இரண்டு விதியும் ஒரே கையேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. இரண்டும் அவர் கையெழுத்து.

ஆதர்ஷின் மேஜையில்லாத அறைக்குப் போய் நின்றார்.

“அந்த நிரந்தர உத்தரவை ரத்து பண்ணிடுங்க. பழையபடி இருப்புல வச்சுடலாம். வீடாவது மிஞ்சும்.”

“நிரந்தரத்தை எப்படி சார் ரத்து பண்றது? ரத்து பண்ண முடியாததாலதானே அதுக்கு அந்தப் பேரு.”

“மறுநியமனம்? எனக்குக் குடுக்கறேன்னீங்களே, அதை அவனுக்குக் குடுங்க.”

“அது அதிகாரி கிரேடுக்கு மட்டும்னு விதி இருக்கே சார்” என்றான் ஆதர்ஷ், நிஜமான வருத்தத்தோடு. “நீங்க எழுதினதுதான். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

*

விஷயத்தைச் சொல்ல மறுநாள் விடியற்காலையில் அவரே குவார்ட்டர்ஸுக்குப் போனார். கடிதம் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. பழக்கம். ஆனால் போனார். எதிரே உட்கார்ந்தார். கண்ணைப் பார்த்தார்.

அமலன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிலோமினா சுவரோரம் நின்றாள். அவள் தலை இப்போது முக்கால் பங்கு வெள்ளை.

“நாலு நாள் நிரந்தரம்” என்றான் அமலன். “சர்ட்டிபிகேட்டுல ஐம்பத்தெட்டு வயசு. வெளிய எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்? ஒடம்பு இப்படி இருக்குன்னு காட்டினா ஒத்துக்குவானா?”

“என் தப்பு அமலா. தெரியாம நடந்துபோச்சு.”

“இது தெரியாம நடந்தது. சரி.” அமலன் குரலை உயர்த்தவில்லை. “அன்னைக்கு ஆறு மாசம்னீங்களே, அது?”

வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். ஞாபகம் இல்லை என்றால்கூட நம்புவார்கள், ஐம்பத்தெட்டு வயதுக்கு அது பொருந்தும்.

“தெரியும்” என்றார் தயாபரன். “மூணு வருஷத்துக்குக் கொறையாதுன்னு அறிக்கை என் மேஜையில இருந்துச்சு. படிச்சுட்டுத்தான் உன் ரூமுக்கு வந்தேன்.”

பிலோமினா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

அமலன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து, “ஷிப்டுக்கு நேரமாச்சு சார். நிரந்தரமானவன் லேட்டா போகக்கூடாது” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

*

மே முப்பத்தொன்று பிற்பகல், ஓய்வு பெறுவோருக்குப் பாராட்டு விழா. மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஐம்பத்தெட்டு வயது தயாபரன். இன்னொன்றில் ஐம்பத்தெட்டு வயது அமலன், காதோரத்தில் ஒரு நரைகூட இல்லாமல். ஆதர்ஷ் மைக்கைப் பிடித்து, “முப்பத்திரண்டு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக உழைத்த திரு. அமலன்” என்று படித்தபோது கீழே யாரோ இருமினார்கள், அது சிரிப்பாகவும் இருக்கலாம். இருவருக்கும் பொன்னாடை, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். அமலன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான்.

குடும்பத்தோடு படம் எடுக்கும்போது புகைப்படக்காரர் பிலோமினாவிடம், “பாட்டிம்மா, மகனுக்குப் பக்கத்துல நெருங்கி நில்லுங்க” என்றார்.

“வீட்டுக்காரருப்பா” என்றாள் அவள், சாந்தமாக. அவர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

படம் எடுத்து முடிந்ததும் தயாபரன் ஆதர்ஷைத் தேடிப் போனார்.

“இருப்பு ஆலோசகர் வேலை இன்னும் இருக்கா?”

“சார்! நிச்சயமா! எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இது நம்ம கலாசாரத்துக்கே ஒரு...”

“நியமனதாரருக்கு வீடும் கேட்டுக்குள்ள ஒரு வேலையும் உண்டுதானே? வயசு வரம்பு கிடையாது?”

“கிடையாது. ரத்த உறவாகூட இருக்கணும்னு இல்ல. நீங்க எழுதின...”

“தெரியும். எழுதினதுல உருப்படியானது அது ஒண்ணுதான்.”

விண்ணப்பத்தில் ‘நியமனதாரர்’ என்ற கட்டத்தில் அமலன் என்று எழுதினார். ‘உறவு முறை’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்து, ‘அறைத்தோழர்’ என்று போட்டார்.

கோமதிக்குப் போன் செய்தார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்க அங்க தூங்கினா என்ன, இங்க வந்து டிவி முன்னாடி தூங்கினா என்ன” என்றாள். பிறகு குரல் மாறி, “எழுந்ததும் போன் பண்ணுங்க. நான் இருந்தா எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

*

ஜூன் முதல் தேதி, காலை பத்து மணி. நீளக் கட்டடத்துக்குள் தயாபரன் ஆயிரம் தடவை வந்திருக்கிறார். செருப்பில்லாமல் வந்தது முதல் தடவை. தரை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எந்த அறிக்கையிலும் இல்லை. நூற்றுப்பதினான்கின் மூடி திறந்திருந்தது. வால்வு நன்றாகவே வேலை செய்தது. தலைப்பக்கம் நுரைமெத்தையில் அமலனின் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. தயாபரன் படுத்தார். பள்ளம் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

மணிக்கட்டில் பட்டை கட்ட ஆள் வந்தான். நீலச் சட்டை, சட்டைப் பையில் ‘மையப் பராமரிப்பு’ என்ற பேட்ஜ். அமலன். நியமனதாரருக்குக் காலியாக இருந்த வேலை அதுதானாம்.

பட்டையைச் சுற்றி, இறுக்கமா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். பற்றவைக்கிறவனின் விரல், அளவு தப்பவில்லை. தலைமாட்டில் தொங்கிய படிவத்தை எடுத்து நிதானமாகப் படித்தான். கால அளவு என்ற இடத்தில் அவன் பார்வை நின்றது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தயாபரனுக்குத் தெரியும்.

“எழுந்திரிக்கறப்ப எனக்கு எல்லாம் வெளுத்திருக்கும்” என்றான் அமலன். “சாயம் கீயம் பூச மாட்டேன். அடையாளம் கண்டுக்கோ.”

தயாபரன் படுத்தபடியே தலையை மட்டும் அசைத்தார்.

அமலன் குனிந்து, அவர் தோளில் கை வைத்தான்.

“பயப்படாதே மச்சான். ஆறே ஆறு மாசம்.”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த மச்சான். தயாபரன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு இதே வார்த்தையைச் சொன்னபோது தன் முகத்தில் இருந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்றை அதில் தேடினார். மூடி மெல்ல இறங்கியது. சில்லிட்ட கண்ணாடியில் அமலனின் மூச்சு படர்ந்து முகம் மங்கிக்கொண்டே வந்தது. வெளியே அமலன் முழங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டான், உள்ளே இருப்பவர் இன்னும் கொஞ்சநேரம் பார்க்கட்டும் என்று.